லைசென்ஸ் வந்துவிட்டது! பொறுப்பு வந்ததா?

(மஹல்லா இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கண்ணியத்திற்குரிய பெரியவர்களே! கடைவீதியிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வியாபாரச் சகோதரர்களே! நாளைய சமுதாயத்தின் தூண்களான இளைஞர்களே!

மேடை ஏறினால் அரசியல் பேசுவேன், ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்பேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று கேள்வி கேட்கப்போவது ஆட்சியாளர்களை அல்ல. உங்களைத்தான். பேசப்போவது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றி. சிரிக்காதீர்கள் சகோதரர்களே! சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தால் அதற்காக ஒரு கூட்டத்தையே ஒதுக்கியிருக்க மாட்டேன்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கைச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள். அவற்றில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் எது தெரியுமா? நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 18 வயதிலிருந்து 45 வயதுக்குட்பட்டவர்கள். அதாவது சம்பாதிக்கும் வயது. மனைவி மக்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வயது.

ஒரு போர் நடந்து இத்தனை பேர் இறந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? கண்டனக் கூட்டம், சுவரொட்டி, ஊர்வலம் எல்லாம் நடத்தியிருப்போம். சாலையில் இறந்தால் மட்டும் 'விதி முடிந்துவிட்டது' என்று சொல்லி மண்ணைத் தட்டிவிட்டு வந்துவிடுகிறோம். விதியை நம்புவது நம் கடமை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுத்தான் இறைவன் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று சின்ன வயதில் மதரஸாவில் படித்தவர்கள் நாம். கட்டாமல் அவிழ்த்துவிட்டு விதியின் மேல் பழி போடலாமா?

எல்.எல்.ஆர். என்பது லைசென்ஸா?

இளைஞர்களே! உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். 'லைசென்ஸ் இருக்கிறதா?' என்று உங்களில் பலரைக் கேட்டால், 'எல்.எல்.ஆர். இருக்கிறது பாய்' என்று நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்கிறீர்கள். எல்.எல்.ஆர். என்பது என்ன? வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதற்காக அரசு தரும் தற்காலிக அனுமதி. ஆறு மாதம் செல்லும். அது கைக்கு வந்து 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டிக் காட்டும் சோதனைக்கே போகமுடியும். இந்த 30 நாளை எதற்காக வைத்திருக்கிறார்கள்? அந்த நாட்களில் நீங்கள் ஓட்டிப் பழகவேண்டும் என்பதற்காக. எப்படிப் பழகவேண்டும் என்பதையும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன.

முதலாவது, எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் தனியாக வண்டி ஓட்டக்கூடாது. முறையான லைசென்ஸ் உள்ள ஒருவர் கற்றுக்கொடுப்பவராகக் கூடவே இருக்கவேண்டும். அவரும் சும்மா உட்கார்ந்து கதை பேசுபவராக இருக்கக்கூடாது. தேவைப்பட்டால் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் அமர்ந்திருக்கவேண்டும்.

இரண்டாவது, வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் 'எல்' எழுத்து இருக்கவேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரம் என்று அளவுகூடச் சொல்லியிருக்கிறார்கள். எதிரே வருபவரும் பின்னால் வருபவரும் 'இவர் புதியவர்' என்று தெரிந்து விலகிப்போவதற்கான ஏற்பாடு அது. நம் தம்பிமார்களோ அதை அவமானச் சின்னமாக நினைக்கிறார்கள். 'எல்' போட்டால் கௌரவம் போய்விடுமாம்! கால் போனால் என்ன செய்வீர்கள் தம்பி?

மூன்றாவது, மோட்டார் சைக்கிளில் பழகும்போது, கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. எல்.எல்.ஆர். வாங்கிய மறுநாளே தங்கையைப் பள்ளியில் இறக்கிவிடுவதும், உம்மாவை மார்க்கெட்டுக்கு அழைத்துப்போவதும் சட்டப்படி குற்றம். குற்றம் என்பது இருக்கட்டும். பிரேக்கை எவ்வளவு அழுத்தினால் வண்டி எங்கே நிற்கும் என்று இன்னும் உங்களுக்கே தெரியவில்லை. அந்தக் கையை நம்பி உங்கள் உம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அது அமானிதம் இல்லையா?

இந்த மூன்றில் எதை மீறினாலும், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துப் பேசுவார். 'நிபந்தனையை மீறி ஓட்டியிருக்கிறார்' என்று வாதாட நீங்களே அவருக்கு வழிவிட்டதாக ஆகிவிடும்.

சோதனைக்குப் போகாமலே லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் புரோக்கர்களை நம்பாதீர்கள். 'எட்டு' போட்டுக் காட்டச் சொல்வது உங்களைச் சிரமப்படுத்துவதற்காக அல்ல. மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் திருப்பத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக. சோதனையில் தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். அதில் வெட்கமில்லை. காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் போலீஸ்காரரிடம் காட்ட உதவும். திருப்பத்தில் எதிரே வரும் லாரியிடம் அதைக் காட்ட முடியாது.

16 வயதுப் பையனும் எக்ஸ்.எல். வண்டியும்

பெற்றோர்களே! அடுத்தது உங்களிடம்.

'16 வயது ஆனால் ஓட்டலாமே' என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது? 16 வயது நிறைந்தவர் கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியைத்தான் ஓட்டலாம். அதற்கும் பெற்றோர் கையெழுத்துடன் எல்.எல்.ஆர். வாங்கி, முறைப்படி லைசென்ஸ் பெறவேண்டும். அந்தக் காலத்தில் டி.வி.எஸ். 50 வண்டி இருந்தது, சரி. இன்று நம் கடைவாசலில் மூட்டை கட்டி நிற்கும் எக்ஸ்.எல். 100 வண்டியின் என்ஜின் ஏறத்தாழ 99.7 சி.சி. நம் பெண்பிள்ளைகள் ஓட்டும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 அல்லது 125 சி.சி. இவற்றில் எதையும் 18 வயது நிறையாத பிள்ளை தொடக்கூடாது. 'கியர் இல்லை, மொபெட்தானே' என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. வாடகைக்கும் வியாபாரத்துக்கும் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்கு 20 வயது ஆகியிருக்கவேண்டும்.

2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் 199ஏ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள். இந்தப் பிரிவை ஒவ்வொரு தகப்பனும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். 18 வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பிள்ளையின் பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை. அத்துடன் 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது.

'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்' என்று சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் அதை நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும். உங்கள் சம்மதத்தோடுதான் எடுத்துப் போனான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். சாவியை ஆணியில் மாட்டிவைத்துவிட்டு, 'பால் வாங்கிட்டு வாடா' என்று தினமும் அனுப்பிவிட்டு, விபத்து நடந்த அன்று மட்டும் 'தெரியாது' என்று சொன்னால் தெருவே சாட்சி சொல்லும்.

பிள்ளை மீது பாசம் இருந்தால் 18 வயது வரை சைக்கிள் வாங்கிக்கொடுங்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் பைக் என்று ஆசை காட்டும் அத்தாமார்களே! அந்தப் பரிசை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட்டால் பாசம் குறைந்துவிடாது.

முதலாளிமார்களே, கணக்குப் பாருங்கள்!

வியாபாரச் சகோதரர்களே! உங்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். எனவே கணக்காகவே பேசுவோம்.

கடையில் ஒரு பையன் வேலை செய்கிறான். லைசென்ஸ் இல்லை. அல்லது எல்.எல்.ஆர். மட்டும் இருக்கிறது. 'பக்கத்துத் தெருதானே' என்று வண்டியைக் கொடுத்து டெலிவரிக்கு அனுப்புகிறீர்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியவனுக்கு 181ஆவது பிரிவின்படி அதே அளவு தனியாக. இது போலீஸ் பிடித்தால் வருவது. இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்தப் பையன் ஓட்டிய வண்டி மோதி 30 வயதுக்காரர் ஒருவர் இறந்துவிடுகிறார். சொந்தமாகச் சிறு தொழில் செய்து மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரை நம்பி இருந்தார்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நஷ்ட ஈட்டை எப்படிக் கணக்கிடும்? உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் கொடுத்த தீர்ப்புகளில் அதற்கு வழி காட்டியிருக்கிறது. வருட வருமானம் 1,80,000. சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவர் என்பதால் எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,68,000. அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 17. பெருக்கிப் பாருங்கள். 28,56,000 ரூபாய்! ஈமச் செலவு போன்றவை இதற்கு மேல்.

'இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்பீர்கள். ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இருந்திருந்தால் கம்பெனி கட்டியிருக்கும். லைசென்ஸ் இல்லாத இடத்தில் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் என்ன உத்தரவு போடுகின்றன? 'பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் கம்பெனி பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும்' என்கின்றன. வண்டி உரிமையாளர் யார்? நீங்கள்! ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. 28 லட்சத்துக்கு எதை விற்பீர்கள்? கடையையா, வீட்டையா, மகளின் நகையையா? பத்து நிமிட டெலிவரிக்காக இருபது வருட வியாபாரத்தைப் பணயம் வைப்பவரை வியாபாரி என்று சொல்லமுடியுமா?

எனவே ஒரு பையனை வண்டிக்கு வேலைக்கு எடுக்கும்போது மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, அசல் லைசென்ஸைக் கண்ணால் பாருங்கள். எந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதி வரை என்று படியுங்கள். பைக் லைசென்ஸில் லோடு ஆட்டோ ஓட்டமுடியாது. இரண்டு, வண்டியின் இன்சூரன்ஸ் தேதியைக் கல்லாப்பெட்டி அருகே எழுதி ஒட்டுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000, மறுபடி பிடிபட்டால் 4,000 ரூபாய். சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. மூன்று, முதல் மாதம் அவனைத் தூரத்துக்கு அனுப்பாதீர்கள். 'சீக்கிரம் வா, சீக்கிரம் வா' என்று போன் மேல் போன் போட்டு விரட்டாதீர்கள். நீங்கள் அடிக்கும் அந்தப் போனை அவன் ஓடும் வண்டியில்தான் எடுக்கிறான்.

சிறு சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. கார் லைசென்ஸ், அதாவது இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைந்த சரக்கு வண்டியை ஓட்டத் தனியாக அனுமதி பெறத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. இந்தக் கேள்வியால் பல வருடங்களாக நடந்த இழுபறிக்கு அத்துடன் முடிவு கிடைத்தது.

முதல் வருடம்: நமக்கு நாமே போடும் விலங்கு

இளைஞர்களே! சோதனையில் தேறி, லைசென்ஸ் அட்டை தபாலில் வந்துவிட்டது. இனி நீங்கள் முழு ஓட்டுநரா?

மற்ற நாடுகளைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப்போன மலேசியாவில், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் இரண்டு வருடத்துக்கு வண்டியில் 'பி' எழுத்தை ஒட்டிக்கொண்டுதான் ஓட்டவேண்டும். சிங்கப்பூரில் ஒரு வருடம் தகுதிகாண் காலம். அதற்குள் குற்றப்புள்ளி 13ஐத் தொட்டால் லைசென்ஸ் ரத்து. பிரிட்டனில் முதல் இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸ் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இளைஞர்கள் முதலில் சிவப்பு 'பி', பிறகு பச்சை 'பி' என்று நான்கு வருடம் தற்காலிக லைசென்ஸில் இருக்கிறார்கள்.

இந்த நாடுகளெல்லாம் தம் இளைஞர்களை நம்பாததாலா இப்படிச் செய்கின்றன? சோதனையில் தேறுவது வேறு, சாலையைப் படிப்பது வேறு என்று தெரிந்ததால் செய்கின்றன. நாய் குறுக்கே வரும், பஸ்ஸின் மறைவிலிருந்து ஆள் இறங்குவார், மழை பெய்த முதல் பத்து நிமிடம் தார்ச்சாலை வழுக்கும் என்பதெல்லாம் எந்தச் சோதனையிலும் வராத பாடங்கள்.

நம் நாட்டில் எல்.எல்.ஆர். முடிந்தால் நேராக முழு லைசென்ஸ்தான். இடையில் தகுதிகாண் காலம் கிடையாது. சட்டம் போடாத அந்தக் கட்டுப்பாட்டை நமக்கு நாமே போட்டுக்கொள்ளக்கூடாதா? நோன்பு வைத்திருக்கும்போது பூட்டிய அறையில் தண்ணீர்ப் பானை இருந்தாலும் தொடாத சமுதாயம் இது. யாரும் பார்க்காத இடத்தில் தன்னைத்தானே கட்டுப்படுத்தப் பழகிய இளைஞனுக்கு ஆக்ஸிலேட்டரைக் கட்டுப்படுத்த முடியாதா?

முதல் ஒரு வருடத்துக்கு இந்த உறுதிமொழிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகம்: 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்குக்குப் போகவே ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. அதாவது நீங்கள் பிரேக் போடத் தொடங்குவதற்கு முன்பே 17 மீட்டர் போயாகிவிட்டது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் விசையின் வலிமை நான்கு மடங்காகிறது. ஊருக்குள் 40க்கு மேல் போவதில்லை என்று முடிவெடுங்கள். இரண்டு நிமிடம் தாமதமாகப் போனால் எந்தக் குடியும் மூழ்கிவிடாது.

போன்: 60இல் போகும்போது மூன்று வினாடி வாட்ஸ்அப் பார்த்தால் 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசுவதை அபாயகரமாக ஓட்டுதல் என்றே சட்டம் கணக்கிடுகிறது. ஓரமாக நிறுத்திப் பேசுங்கள்.

ஹெல்மெட்: 2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். எனவே பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தடைக்கும் வழி உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கி, வாரைப் பூட்டுங்கள். பெட்ரோல் டேங்கில் தொங்கும் ஹெல்மெட் டேங்கைத்தான் காப்பாற்றும்.

மூவர்: ஒரே வண்டியில் மூன்று பேர் போவதற்கும் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் தடையும் உண்டு. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் வாசலிலேயே இந்தக் காட்சியைப் பார்க்கிறோம். தொழுகையில் வரிசையை ஒழுங்காக நிறுத்தியவர்கள் வாசலைத் தாண்டியதும் ஒழுங்கை மறந்துவிடுகிறோம்.

போதை: நமக்கு மது விலக்கப்பட்டது. அதனால் இந்தப் பேச்சு நமக்கில்லை என்று நினைக்காதீர்கள். தூக்கமும் ஒருவித மயக்கம்தான். ரமளான் இரவில் தராவீஹ் முடிந்து, ஸஹர் வரை கண்விழித்து, விடிந்ததும் நெடுஞ்சாலையில் வண்டி எடுக்கும் தம்பிகளே! தூங்கிவிட்டுப் புறப்படுங்கள்.

குழந்தைகள்: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பைக்கில் ஏற்றினால் குழந்தைக்குப் பாதுகாப்பு வார், ஹெல்மெட் இரண்டும் வேண்டும். வேகம் 40ஐத் தாண்டக்கூடாது. இது 2023 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த விதி.

பெருநாள் இரவின் பந்தயம்

மனவேதனையோடு ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பெருநாள் இரவுகளில் சைலன்சரைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறப்பது ஒரு வீரம் என்று நம் பிள்ளைகளில் சிலர் நினைக்கிறார்கள். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் வட்டமடிப்பதும் இதே வகை. அந்தத் தெருவில் இதயநோயாளி படுத்திருக்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். பக்கத்து வீட்டுச் சகோதர சமயத்தவரின் கைக்குழந்தை அப்போதுதான் தூங்கியிருக்கலாம். 'இவர்களுடைய பண்டிகை என்றாலே இப்படித்தான்' என்று அவர்கள் முகம் சுளித்தால், அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது யார்? நாம் மேடையில் நூறு தடவை நல்லிணக்கம் பேசினாலும், ஒரு சைலன்சர் அத்தனையையும் அடித்துச் சென்றுவிடுகிறது.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்று படித்த சமுதாயத்தின் பிள்ளை பாதையில் தானே முள்ளாக ஆகலாமா? ஜும்ஆ நேரத்தில் ஆம்புலன்ஸ் போகும் வழியை அடைத்து வண்டியை நிறுத்துவதும் அந்த முள்தான்.

விபத்து நடந்துவிட்டால்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் விபத்து நடக்கலாம். அப்போதுதான் ஒருவனின் குணம் தெரியும். பயந்து ஓடிவிடாதீர்கள்! ஓடுவது குற்றத்தைப் பெரிதாக்கும். 134ஆவது பிரிவின்படி அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டியவரின் கடமை. 108க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். கூட்டம் அடிக்கும் என்று பயந்தால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

வழியில் போகும் நீங்கள் அடிபட்டவரைக் கண்டால் 'நமக்கேன் வம்பு' என்று நகராதீர்கள். நல்ல எண்ணத்தோடு உதவி செய்தவர் மீது வழக்குப் போடமுடியாது என்று 2019 திருத்தம் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் இலவசம். அடிபட்டவர் எந்த ஊர், எந்த மதம் என்று அந்தத் திட்டம் கேட்பதில்லை. நாமும் கேட்கவேண்டாம்.

இன்னொன்றையும் கேளுங்கள் இளைஞர்களே! உங்களில் பாதிப்பேருக்கு வளைகுடா கனவு இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். தண்டனை பிறகு. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். ஒவ்வொரு தடவையும் நீதிமன்ற அனுமதி கேட்டு அலையவேண்டும். விசா வந்து, டிக்கெட் போட்டு, உம்மா பெட்டி கட்டிவைத்த நேரத்தில் வாய்தாவுக்குப் போய் நிற்பீர்களா?

நாம் செய்யவேண்டியது என்ன?

குறை சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குவது எளிது. செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு மஹல்லாவிலும் 18 வயது நிறைந்த பிள்ளைகளின் பட்டியல் எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கம்ப்யூட்டர் வைத்து எல்.எல்.ஆர். விண்ணப்பத்தைப் பதிவு செய்து கொடுங்கள். சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுங்கள். நம் கடைவீதிச் சங்கம், லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டிச் சாவி கொடுப்பதில்லை என்று ஒரே ஒரு தீர்மானம் போடட்டும். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் கொடுக்கும் நண்பர்களே! இனி இரண்டு ஹெல்மெட் கொடுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று மணப்பெண்ணுக்கு.

புதிதாக லைசென்ஸ் வாங்கிய தம்பி! இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய். நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், உன் உம்மாவின் முகத்தை ஒரு தடவை பார். 'போய்ட்டு வாறேன்' என்று சொல்லிவிட்டுப் புறப்படு. 'போகிறேன்' என்று நம் வீடுகளில் சொல்வதில்லை அல்லவா? வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவது ஒரு வாக்குறுதி. வாக்குறுதியை நிறைவேற்றுவது நம் மீது கடமை.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும், அவர்களால் நம் சாலைகளில் நடப்பவர்களையும் பாதுகாப்பானாக!